வெறுந்திண்ணைக்கு ஓர் எழுத்து

எமது பள்ளியின் உயர்நிலை மாணவர் இவ்வாண்டு விழாவிற்கென எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை ஆக்கியுள்ளனர். யாழ்ப்பாணத்தில் விட்டு வந்த வீட்டைப் பற்றி அம்மம்மா ஒருவர் பேத்திக்குச் சொல்வதே கதை. பெயர் 'வெறுந்திண்ணை'. படப்பிடிப்பு இரு நாள்களில் முடிந்தது. பெயரை எந்த எழுத்தில் இடுவதென்ற வழக்கோ மூன்று சனிக்கிழமைகளை விழுங்கிற்று. விழுங்கட்டும் என்றே நாமும் இருந்தோம். 2010 இல் மகாத்மா காந்தி மாவட்டம் எனப் பெயர் பெற்ற ஹில்கிராஃப்ட் வீதியில், பெரும்பாலான கடைப்பலகைகளில் ஆங்கிலமே கண்டு வளரும் பிள்ளைகள், தமிழெழுத்தின் வடிவத்திற்காகச் சண்டையிடுவது எளிதிற் கிட்டும் காட்சியன்று.

முதலில் மென்பொருள் தொல்லை. வெகரத்தின் கொம்பு வகரத்தின் பின்னே போய் நின்றது. கணினி கொம்பைப் பின்னாகவே சேமிக்கும். அதனை முன்னே கொணர்வது எழுத்துருவும் மென்பொருளும் கூடிச் செய்யும் பணி. வேறொரு செயலியிற் சொல்லைப் படமாக்கி ஒட்டியதும் அது தீர்ந்தது.

பின்னரே உண்மையான வழக்கு. ஒருவன் ப்ரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த 'கட்டமரான்' எழுத்துருவின் மிக மெல்லிய வடிவை விரும்பினான். கட்டுமரத்தின் பெயர் கொண்ட அவ்வெழுத்துரு ஒன்பது தடிப்புகளிற் கிடைக்கின்றது. கணினியில் அழகுதான், மண்டபத்துச் சுவரில் வீழ்த்திப் பார்த்தபோது புள்ளிகள் மறைந்து 'வெறுநதிணணை' ஆயிற்று. இன்னொருத்தி இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் ஆக்கிய 'கவிவனார்' என்னும் கையெழுத்துப் பாங்கான எழுத்துருவைக் காட்டினாள். எமக்கு அதுவே போதும் போலிருந்தது.

படத்தில் நடித்த அம்மம்மாவோ அதைப் பார்த்து, "இது ஆற்றை கை?" என்று கேட்டார். தாளொன்றை வாங்கித் தாமே எழுதினார். அவர் எழுதிய ணை, யானைத் துதிக்கை வைத்த பழைய ணை! பெரியார் 1935 இல் 'குடி அரசு' இதழிற் கைவிட்டு, 1978 இல் தமிழ்நாட்டரசும் ஆணையால் நீக்கிய வடிவம். ணை, லை, ளை, னை நான்கிற்கும் அத்துதிக்கை இருந்தது. இன்றைய பொது எழுத்துருக்களில் அதனைக் காண்பது அரிது.

திரைப்படப் பெயரைக் கையால் வரைவது புதிதுமன்று. சத்யஜித் ராய் தம் படங்கள் பலவற்றிற்குத் தாமே எழுத்து வரைந்தவர். அவருடைய 'ராய் ரோமன்' எழுத்துரு 1971 இல் பன்னாட்டுப் போட்டியிற் பரிசு பெற்றது.

ஆயினும் ஒரு மாணவி எதிர்த்தாள். "சின்ன வகுப்புப் பிள்ளைகள் இதை எப்படி வாசிப்பார்கள், சேர்?" என்றாள். நியாயமான கேள்வி. ஒன்பது வயதுச் சிறுமியிடம் தாளை நீட்டினோம். 'வெறுந்திண்' வரை வந்து நின்றுவிட்டாள். நாம் கற்பிக்கும் எழுத்து அதுவன்று; தேர்விலே எழுதினால் நாமே திருத்துவோம். ஆனால் வீட்டை விட்டு வந்தவருடைய கை எந்த வடிவிற் பழகியதோ, அந்த வடிவிலன்றி அவருடைய திண்ணையை எழுதுவது எமக்குப் பொருந்தவில்லை.

அம்மம்மா பத்து முறை எழுதினார். கை நடுங்கிய ஒன்பதாவதைப் பிள்ளைகள் தெரிந்தெடுத்தனர். அதன் கீழே, சிறுவர்க்காக, கட்டமரானின் நடுத்தரத் தடிப்பில் அதே சொல். இரண்டும் ஐந்து விநாடிகள் திரையில் நிற்கும். பின்வரிசையில் இருப்போர் சற்று முன்னே வந்து அமரவும்.