கொல்லிமலை கற்பித்த பாடம்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாம் கொல்லிமலை ஏறினோம். பேருந்திலேயே தலைசுற்றிய நமக்கு, சாலையில்லாக் காலத்தில் இங்கு வந்து வாழ்ந்த ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் தம்பதியரின் நினைவு எழுந்தது. அவர்கள் பாப்திஸ்து சபையினர். எனினும் நாம் கற்கவேண்டியது அவர்களிடம் உண்டு.

அவர்கள் மலைமக்களின் மொழியில் பேசினர், நரம்புச்சிலந்தி நோயாளரின் புண்களுக்கு மருந்திட்டனர், தச்சுத்தொழில் கற்பித்தனர். ஆயினும் பல்லாண்டுகள் ஒருவரும் திருமுழுக்குப் பெறவில்லை. முதல் உலகப்போர் முடிந்த காலத்துக் கொள்ளைக்காய்ச்சலில், தம்மை எதிர்த்த பூசாரி வீழ்ந்தபோது, அயலார் அஞ்சி விலக, இவ்விருவரே அருகிருந்து பணிவிடை புரிந்தனர். அவர் இறக்குந்தறுவாயில் தம் குழந்தைகளை இவர்களிடமே ஒப்படைத்தார்.

1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் மாண்டார். ஈவ்லினோ 1974இல், தம் 95ஆம் வயதில் மறையும்வரை மலைமக்களுக்கே உழைத்தார்.

இளைஞரை ஈர்க்கப் புதிய இசையா, கைப்பேசியா என இன்று நாமும் வினவுகிறோம். அவை வேண்டாதவை அல்ல. மக்களின் பண்பாட்டை மதித்து நற்செய்தி அறிவிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பணித்தது. எல்லாருக்கும் எல்லாமான பவுலடியார், கொரிந்தியருக்கு எழுதிய அதே திருமுகத்தில் சிலுவையை மறைக்கவில்லை.

அன்பர்களே, நம் பங்கில் எவரும் எட்டிப்பாராத நோயாளியின் வீடு எது? அங்கிருந்தே தொடங்குவோம்.