திருப்போரூரில் ஒரு பனை, அயர்லாந்தில் ஒரு மூவிலை

கிருத்திகை நாள். சரவணப் பொய்கையில் கால் நனைத்துவிட்டு கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைந்தபோது வரிசை ஏற்கெனவே நீண்டிருந்தது. முருகன் சூரர்களோடு கடலில் பொருதது திருச்செந்தூரில், நிலத்தில் திருப்பரங்குன்றத்தில், விண்ணில் இங்கே என்பது தலபுராணம். ஆனால் வரிசையில் நின்றவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் சிதம்பர சுவாமிகளைப் பற்றித்தான்.

17ஆம் நூற்றாண்டுத் துறவி அவர். விருத்தாசலம் குமாரதேவரின் சீடர். மதுரையில் மீனாட்சியம்மன் உத்தரவு தந்து வடக்கே அனுப்பினாளாம். வந்து பார்த்தால் கோயில் இல்லை, பனங்காடுதான். அந்தக் காட்டில், ஒரு பனையில் சுயம்புவாக இருந்த முருகனைக் கண்டெடுத்துக் கோயில் எழுப்பினார் என்கிறார்கள். நவாபின் மனைவிக்கு வந்த வயிற்றுவலியைத் திருநீறு கொடுத்துத் தீர்த்ததும், திருப்பணிப் பணத்தைப் பறிக்க வந்த கள்வர்கள் திருந்தியதும் அடுத்தடுத்த கதைகள்.

சந்நிதியில் ஒன்றைக் கவனித்தேன். சுயம்பு மூர்த்திக்கு அபிஷேகம் கிடையாது. பாலும் பன்னீரும் சுவாமிகள் ஸ்தாபித்த யந்திரத்துக்குத்தான். ஆமைப் பீடத்தின் மேல் அது இருக்கிறது. நைவேத்திய அரிசி வைக்க அந்நாளில் பனைமரத்தில் செய்த பாத்திரமும் கோயிலில் உண்டு. “அட்சய பாத்திரம்ங்க, அள்ள அள்ளக் குறையாது” என்றார் பக்கத்தில் நின்ற பெரியம்மா.

எனக்கு அயர்லாந்தின் புனித பேட்ரிக் நினைவுக்கு வந்தார். 5ஆம் நூற்றாண்டுக்காரர். மூன்று இலை கொண்ட சிறு செடியைக் காட்டி, தந்தை, மகன், தூய ஆவி என மூவராயினும் கடவுள் ஒருவரே என்று விளக்கினாராம். பாம்புகளைக் கடலுக்கு விரட்டினாராம். அவரே எழுதிய ‘கன்ஃபெஸ்ஸியோ’வில் இரண்டும் இல்லை. செடிக் கதை ஏட்டில் ஏறியதே 1726இல்தான். பனியுகத்துக்குப் பின் அந்தத் தீவில் பாம்பே இருந்ததில்லை என்கிறது அறிவியல். இருந்தும் அவருடைய திருநாளான மார்ச் 17 அன்று சட்டையில் மூவிலை குத்தாத ஐரிஷ்காரர் அபூர்வம்.

ஞானி எழுதிவைத்தது ஒருபுறம் இருக்க, ஊர் தன் காலடியில் விளைவதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுகிறது. அங்கே வயல்வெளிச் செடி, இங்கே பனை. சிதம்பர சுவாமிகளின் ‘திருப்போரூர் சந்நிதி முறை’யில் 726 பாடல்கள். அவற்றை முழுதாகப் படித்தவர்கள் சிலரே. பனைக் கதை தெரியாதவர் இந்த வரிசையில் யாருமில்லை.

அடுத்து கண்ணகப்பட்டு மடத்துக்கு நடந்தேன். சுவாமிகள் சமாதி கொண்ட இடம். வைகாசி விசாகத்தில் குருபூஜை. வழி நெடுக வீட்டுமனைப் பலகைகள், நடுநடுவே தப்பிய பனைகள். கோயில் பாத்திரத்தைப் பூட்டிப் பாதுகாக்கிறோம். வெளியே நிற்கும் பனையையும் காப்பாற்றினால்தான் அடுத்த தலைமுறைப் பிள்ளைக்கு இந்தக் கதையை மரத்தைக் காட்டிச் சொல்ல முடியும்.