பனிமய மாதா ஊரில் அனல் கக்கும் வேன்

எட்டயபுரம் தாண்டும்வரை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மதுரையில் விடியற்காலையில் கிளம்பிய வேன். ஜன்னலோரம் கரிசல் காடு ஓடிக்கொண்டிருக்கும், ஏ.சி.யும் கடமைக்கு ஊதிக்கொண்டிருக்கும். வெயில் ஏறி, தூத்துக்குடி நெருங்கி, காற்றில் உப்பு வாடை தட்டத் தொடங்கியதும் கடைசி சீட்டிலிருந்து முதல் குரல் வரும்: "காத்து வருது, குளுமையைக் காணோமே!" அடுத்த நிமிடம் பாட்டி முந்தானையால் விசிறிக்கொள்வார். அதற்கடுத்த நிமிடம் பிள்ளைகள் ஆளுக்கொரு ஜன்னலைத் திறப்பார்கள். அத்தோடு அன்றைய ஏ.சி.யின் கதை முடிந்தது.

ஷூட்டிங் செய்திகளில் மட்டும் கேள்விப்பட்ட 'கேரவன்' இப்போது நடுத்தரக் குடும்பங்களின் ஆசைப் பட்டியலிலும் வந்துவிட்டது. 2021-ல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. புது வண்டி வாங்க வசதியில்லாதவர்கள் பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டிராவலர் வேனைப் பிடித்து, இரண்டு பெர்த், ஒரு சின்ன அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து ஒப்பேற்றிக்கொள்கிறார்கள். என்ஜின் நன்றாகவே இருக்கும். பல்லைக் காட்டுவது ஏ.சி.தான். அதுவும் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தால் சொல்லவே வேண்டாம்.

தூத்துக்குடியில் வண்டி முதலில் நிற்கும் இடம் பெரும்பாலும் கடற்கரைச் சாலையிலுள்ள பனிமய மாதா பேராலயம். 1713-ல் எழுந்த கோயில். 1982-ல் போப் இரண்டாம் ஜான் பால் இதைப் பசிலிக்காவாக உயர்த்தினார். ரோம் நகரில், கொளுத்தும் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு குன்றின் மீது பனி பெய்தது என்பது பழங்கதை. 'பனிமய' என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். அந்தப் பெயர், பனியையே கண்டிராத இந்த உப்புக்காற்று ஊரில் வந்து நிலைத்திருக்கிறது. ஆகஸ்ட் 5-ம் தேதி திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் குடை பிடித்து நிற்பவர்களைப் பார்த்தால், மாதாவிடம் எல்லோரும் ரகசியமாக என்ன கேட்பார்கள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

கோயிலைப் பார்த்துவிட்டு வந்து வேன் கதவைத் திறந்தால் அடுப்பைத் திறந்தது போலிருக்கும். உடனே ஏறிக் கதவைச் சாத்தி ஏ.சி.யை முழுதாக வைப்பதுதான் எல்லோரும் செய்வது. அது தப்பு. எல்லாக் கதவையும் இரண்டு நிமிடம் திறந்துவிட்டு, கொதிக்கும் காற்றை வெளியேற்றிவிட்டுக் கிளம்பினாலே பாதி வேலை முடிந்தது. அப்படியும் குளிரவில்லை என்றால் பட்டறைதான்.

பட்டறைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. இது துறைமுக ஊர். நிலக்கரி, உப்பு, கன்டெய்னர், காற்றாலை இறக்கை என்று லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளின் டிரைவர் கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. இத்தனை வருடம் வெந்துகொண்டே ஓட்டியவர்களுக்குத் தாமதமாக வந்த நியாயம். ஏ.சி. மெக்கானிக்குகளுக்கு இனி வேலையும் கூடும்.

பட்டறையில் நடக்கும் பேச்சு எப்போதும் ஒன்றுதான்.

"அண்ணாச்சி, கேஸ் மட்டும் அடிச்சு விடுங்க. திருச்செந்தூர் போகணும்."

"கேஸ் எங்க போச்சுன்னு பாக்காம அடிச்சா, நீங்க சாமி கும்பிட்டுத் திரும்புறதுக்குள்ள மறுபடி அனல்தான் வரும். கொஞ்சம் இரிங்க, பாத்துக்கிடலாம்."

இப்படிச் சொல்லும் மெக்கானிக் கிடைத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. இன்றைய பழைய வேன்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ. மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும் சரக்கு. கம்ப்ரஸர் அதை அழுத்திச் சூடாக்கும். வெளியே இருக்கும் கண்டென்ஸரில் அந்தச் சூடு காற்றில் இறங்கி, ஆவி திரவமாகும். எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற ஊசிமுனை வாசல் வழியாகத் திரவம் பாய்ந்து, உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகும்போது வண்டிக்குள் உள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஏ.சி. குளிரைத் தயாரிப்பதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை வாரி வெளியே கொட்டுகிறது. கொட்டும் இடம் அடைத்திருந்தால் வீட்டுச் சாக்கடை அடைத்த கதைதான்.

தூத்துக்குடியில் அந்த இடம்தான் முதலில் அடைக்கிறது. கண்டென்ஸர் சில வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும், பெரிய வேன்களில் கூரை மேலோ அடிப்பக்கத்திலோ இருக்கும். இந்தியாவின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்துக்கு. அதே உப்புதான் காற்றில் மிதந்து வந்து அலுமினியத் தகடுகளுக்கு இடையே படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரத்தில் உலோகம் அரிக்கும். தகடுகள் தொட்டால் பொடியாக உதிரும். ஒரு நாள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்து, கேஸ் மெல்லக் கசியத் தொடங்கும்.

ஆகவே செலவில்லாத வைத்தியம் கழுவுவதுதான். வேகம் குறைந்த தண்ணீரை, தகடுகள் மடங்காதபடி நேராக விட்டுக் கழுவ வேண்டும். அதிலும் ஒரு உள்ளூர்ச் சிக்கல் உண்டு. கடலோரப் போர்களில் பல இடங்களில் தண்ணீர் உவர். அதை வைத்துக் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதை. ஒரு குடம் நல்ல தண்ணீராவது கடைசியில் ஊற்ற வேண்டும்.

வண்டி தானே தன் நோயைச் சொல்லும், காது கொடுப்பவர் இருந்தால். ஓடும்போது குளிர்ந்து, ரயில்வே கேட்டில் நின்றதும் சூடாகிறதா? கண்டென்ஸர் ஃபேன் ஓடவில்லை, அல்லது தகடு அடைத்திருக்கிறது. காற்று பலமாக வந்தும் குளுமை இல்லையா? கேஸ் கசிவு, பெல்ட் வழுக்கல் அல்லது கம்ப்ரஸர் கோளாறு. குளுமை இருந்தும் காற்று மெலிவா? ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் போன வருடத்துப் புழுதி மொத்தமும் அதில் இருக்கும். முன்சீட்டில் குளிர்ந்து பின்சீட்டில் வேர்த்தால் பின்பக்க ப்ளோயரையோ அதன் வால்வையோ பார்க்க வேண்டும். இன்னொன்று வேடிக்கையானது. முதல் ஒரு மணி நேரம் ஜில்லென்று இருந்துவிட்டுப் போகப் போகக் காற்றே குறைந்துவிடும். ஏ.சி.யை அணைத்து, ப்ளோயரை மட்டும் கால் மணி நேரம் ஓட்டினால் காற்று திரும்பி வரும். கூலிங் காயிலின் மேல் பனி உறைந்து வழியை அடைத்திருந்தது என்று அர்த்தம். பனி பெய்யாத ஊரில் பனியால் வேர்ப்பது இப்படித்தான்.

ஓட்டை இருப்பது உறுதியானால், நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, ஓ-ரிங்கையோ காயிலையோ மாற்றி, டிரையரையும் புதிதாகப் போட்டு, வாக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் ஈரத்தை இழுத்த பிறகே கேஸ் ஏற்ற வேண்டும். அதுவும் வண்டியில் எழுதியுள்ள கிராம் கணக்குப்படி. 'கொஞ்சம் சேத்து அடிங்க' என்பது குழம்புக்குச் சரி, ஏ.சி.க்கு ஆகாது. அதிகமானாலும் குளுமை குறையும். ஓட்டை வண்டியில் கேஸ் அடிப்பதில் ஊருக்கும் கேடு உண்டு. ஒரு கிலோ ஆர்-134ஏ காற்றில் கலந்தால், பூமியைச் சூடாக்குவதில் அது ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம்.

எல்லாம் சரிசெய்து திருச்செந்தூர் சாலையில் இறங்கினால் முள்ளக்காடு, பழையகாயல் என்று இருபுறமும் உப்பளங்கள். மதியம் பார்த்தால் வெள்ளைக் குவியல்கள் மட்டும் கண்ணைக் கூசவைக்கும், ஆள் அதிகம் தெரியாது. வேலைக்காரர்கள் இருட்டோடு வந்து, வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை வாரிவிடப் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஏ.சி.யும் இல்லை, நிழலும் இல்லை.

பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். இங்கிருந்து போன முத்துதான் ரோம்வரை பேசப்பட்டது. முத்துக்குளிப்பு நடந்தது கடல் அமைதியாக இருக்கும் கோடையில். நள்ளிரவுக்கு மேல் கரையிலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துப் படகுகள் கிளம்பும். விடிந்ததும் முத்துப் பார்களின் மேல் நின்று ஆட்கள் மூழ்குவார்கள். உச்சிப்பொழுதில் கடல்காற்று திரும்பியதும் அதே காற்றில் கரை சேர்வார்கள். 1961-க்குப் பிறகு அந்தக் குளிப்பு நின்றுபோனது. 1973-ல் தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்தை வளர்த்தெடுத்துக் காட்டினார்கள். காற்றின் கணக்கு மட்டும் மாறவில்லை. பழைய வேன்காரர்களும் விடியலில் ஓட்டி, உச்சிவெயிலில் நிழலில் நிறுத்தி, கடல்காற்று இறங்கிய பிறகு கிளம்பினால் ஏ.சி.க்குப் பாதி பாரம் குறையும்.

மீதிப் பாரம் ஈரப்பதம். இங்கே மதுரையைவிட வெயில் குறைவாகத் தெரிந்தாலும் உடம்பு பிசுபிசுக்கும். ஏ.சி. தன் சக்தியில் கணிசமான பங்கைக் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிவதற்கே செலவழிக்கிறது. வண்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான். அது சொட்டவே இல்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். வெளிக்காற்றை இழுக்கும் ஃப்ளாப்பைச் சாத்தி, உள்காற்றையே சுற்றவிட்டால் பிழிய வேண்டிய ஈரம் குறையும். பழைய வேன்களில் இந்த ஃப்ளாப் பாதி திறந்தபடி சிக்கியிருப்பது சகஜம். ஆயிரக்கணக்கில் செலவு செய்தும் குளிராத வண்டிகளில் கடைசியில் குற்றவாளி இதுவாக இருப்பதுண்டு.

இரவு வந்தால் விஷயம் வேறு. மணப்பாட்டிலோ திருச்செந்தூர்க் கடற்கரையிலோ வண்டியை நிறுத்தி, 'என்ஜின் ஓடட்டும், ஏ.சி. போட்டுத் தூங்குவோம்' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். இதற்கு மட்டும் சம்மதிக்கவே கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நிறுத்தப்பட்ட கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். பழைய வண்டியின் தரையில், வயர் போக விட்ட துளைகளும் துருப்பிடித்த இடுக்குகளும் எத்தனை என்று யாருக்கும் தெரியாது. ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்துவைப்பது பாதுகாப்பாகாது.

பாட்டரியில் ஏ.சி. ஓட்டலாமா என்றால், 12 வோல்ட் 100 ஆம்பியர் பாட்டரியில் இருப்பது ஏறக்குறைய 1,200 வாட்-மணி. ஒரு டன் ஏ.சி. அதை ஒரு மணி நேரத்தில் குடித்துவிடும். அதே பாட்டரியில் 20 வாட் ஃபேன் விடியவிடிய ஓடி, மறுநாளைக்கும் மிச்சம் வைக்கும். இரவில் ஏ.சி. வேண்டுமென்றால் லாட்ஜ் வளாகத்திலோ தெரிந்தவர் வீட்டு வாசலிலோ நிறுத்தி, கரன்ட் இழுத்துக்கொள்வதே சரி. இல்லாவிட்டால் கொசுவலை கட்டிய ஜன்னல், ஒரு ஃபேன், மணப்பாட்டுக் கடல்காற்று. கூரையில் வெள்ளை பெயின்டும் உள்ளே ஒரு அடுக்குத் தெர்மாகோலும் இருந்தால் பகலில் சேர்ந்த சூடும் குறைவாக இருக்கும்.

திரும்பும் நாளில் எல்லோரும் வாங்குவது மக்ரூன். முந்திரியும் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்து, வாயில் வைத்ததும் கரையும் தூத்துக்குடிச் சரக்கு. அதற்கு ஈரக்காற்று ஆகாது, திறந்து வைத்தால் நமத்துப்போகும். 'டப்பாவைத் திறக்காதே' என்று பாட்டி எவ்வளவு அதட்டினாலும் எட்டயபுரத்துக்குள் பிள்ளைகள் திறந்துவிடுவார்கள். மூடி போடாத டப்பாவில் கடைசி மக்ரூன் மதுரைவரை மொறுமொறுவென்று இருந்தால், பட்டறை அண்ணாச்சி வாங்கிய கூலி ஜீரணம்.