பத்தமடைப் பாய்

தாமிரவருணிக் கரைக்கு வருகிறவர்கள் அல்வா வாங்காமல் திரும்புவதில்லை. அது நியாயந்தான். ஆனால் அதே ஆற்றின் தயவால் உண்டாகும் இன்னொரு சரக்கும் இங்கே இருக்கிறது. நாலு நாளில் தீர்ந்துபோகாத சரக்கு. அதைக் காண விரும்பும் நேயர்கள், திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி செல்லும் வழியில் பத்தமடையில் இறங்க வேண்டும். 1887-ல் சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் அது. நாம் அங்கே சென்றது பாய் பார்ப்பதற்காக.

பொதிகையிலிருந்து கடல் வரை சுமார் 128 கிலோ மீட்டர் ஓடும் இந்நதிக்கு எட்டு அணைக்கட்டுகள். அவற்றுள் ஒன்றான கன்னடியன் அணைக்கட்டின் கால்வாய் இந்தப் பக்கத்து வயல்களை நனைக்கிறது. ஆற்றோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் கோரை வளர்கிறது. உழவருக்கு அது களை. பாய் நெய்கிறவருக்கோ அதுவே முதல்.

அறுத்த கோரையை வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப் போடுகிறார்கள். ஊறிப் பருத்ததை மறுபடி உலர்த்தி, கத்தியால் வகிர்ந்து எடுக்கிறார்கள். அந்நாளில் சப்பங்கிக் கட்டையைக் கொதிக்க வைத்துச் சிவப்புச் சாயம் இறக்குவார்கள். இப்போது பெரும்பாலும் கடைச் சாயந்தான். தறி தரையோடு தரையாக இருக்கிறது. பாவுக்குப் பருத்தி நூல், ஊடைக்குக் கோரை. ஒவ்வொரு கோரையாகக் குச்சியில் மாட்டி நூலிடையே செலுத்தி, அச்சால் நெருக்க வேண்டும். புல்லும் பஞ்சும் மரச் சாயமும் இப்படி ஒன்று கூடிச் சித்திரமாகின்றன.

கோரையை நூலைப்போல் மெல்லியதாக வகிர்ந்து நெய்தால் அது பட்டுப் பாய். வேஷ்டியைப்போல் மடித்துப் பைக்குள் வைத்துக் கொள்ளலாம். ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும்.

இந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். கல்யாணத்துக்கென்று சொல்லி வைத்தால், மணமகன், மணமகள் பெயரைப் பாயிலேயே எழுத்தாக நெய்து தருகிறார்கள். எத்தனையோ ஹிந்துக் கல்யாணங்களில் தம்பதிகள் அமர்ந்த பாய் இந்த வீடுகளில் நெய்ததுதான். ஒற்றுமையைப்பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

1953-ல் எலிஸபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் ஒன்று கடல் கடந்து போயிற்று. 2012-13-ல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது, கைக்கு வரவில்லை. பிளாஸ்டிக் பாய் மலிவாகக் கிடைக்கும்போது, வாரக்கணக்கில் குனிந்து நெய்தவள் கேட்கும் விலை நமக்கு அதிகமாகத் தோன்றுகிறது. அந்தக் கூலி கட்டுபடியாகாவிட்டால் அவள் மகள் தறியில் உட்கார மாட்டாள். அதில் அவள்மீது குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

ஆற்றில் நீர் ஓட வேண்டும். கரையில் கோரை வளர வேண்டும். இவை சர்க்காரும் ஊராரும் கவனிக்க வேண்டியவை. கல்யாணச் சாமான் ஜாபிதாவில் ஒரு பாய் சேர்ப்பது நம் வீட்டுக் காரியம். முகூர்த்தத்துக்கு முதல் வாரம் போய் நின்றால் கிடைக்காது. நாள் குறித்தவுடனேயே சொல்லி வைத்துவிட வேண்டும்.