யாரோ ஒரு தமிழ்ப் பொண்ணு

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளைக்காரரின் படம் மாட்டியிருந்தது. பெரிய மீசை, பித்தான் வைத்த உடுப்பு. என் ஆயாவைப் பெற்ற அம்மாவுக்கு அவர் அப்பா. பிரான்சிலிருந்து கப்பலேறிப் புதுச்சேரிக்கு வந்த சிப்பாய். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா அந்தப் படத்தைக் காட்டி, அவர் பெயர், ஊர், படைப்பிரிவு எல்லாவற்றையும் ஒப்பிப்பார்.

"அவர் கட்டிக்கிட்டவங்க பேரு என்ன மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாரோ ஒரு தமிழ்ப் பொண்ணு" என்றார்.

மாமாவைக் குறை சொல்ல முடியாது. வீட்டிலிருந்த ஞானஸ்நானப் பதிவின் நகலிலும் அப்படித்தான் இருந்தது. தகப்பனுக்கு முழுப் பெயரும் பிறந்த ஊரும் உண்டு. தாய்க்கு 'ஒரு இந்தியப் பெண்' என்பதோடு சரி.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். மனிதப் பரிணாமப் பாடம் வரும்போதெல்லாம் இந்தப் பதிவு ஞாபகத்துக்கு வரும். பாடப்புத்தகத்தில் குனிந்த உருவம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிரும் வரிசைப் படம் ஒன்று இருக்குமே, அதில் ஒருத்திகூட இல்லை. கதையும் ஆண்களின் போர்க்கதை போலத்தான் இருக்கும்: நியாண்டர்தால் மனிதன் இருந்தான், நம் ஆள் வந்தான், வென்றான், அவன் அழிந்தான்.

பெயர் வைத்த கதையும் அப்படித்தான். 1848இல் ஜிப்ரால்டரில் ஃபோர்ப்ஸ் கல்குவாரியில் ஒரு மண்டை ஓடு கிடைத்தது. அது என்னவென்று யாருக்கும் தெரியவில்லை, அப்படியே கிடந்தது. 1856இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் ஓர் ஆணின் எலும்புகள் கிடைத்தன. 1864இல் வில்லியம் கிங் அவற்றை வைத்து அந்த மனித இனத்துக்குப் பெயர் சூட்டினார். ஜிப்ரால்டரில் எட்டு ஆண்டு முன்னதாகவே கிடைத்தது ஒரு பெண்ணின் தலை. அவள் பெண்தான் என்பதை 2019இல் டி.என்.ஏ. ஆய்வும் உறுதி செய்தது.

போர்க்கதையை உடைத்ததும் டி.என்.ஏ. ஆய்வுதான். 2010இல் ஸ்வாந்தே பேபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத் தொகுதியின் முதல் வரைவை வெளியிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வெளியே வந்த நம் முன்னோர் ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு முன் அவர்களோடு கலந்திருக்கிறார்கள். இந்தியாவில் ஒரு நியாண்டர்தால் எலும்புகூடக் கிடைத்ததில்லை. ஆனாலும் நம் டி.என்.ஏ.வில் ஒன்றிரண்டு சதவீதம் அவர்களுடையது. அழிந்துபோனதாகச் சொல்லப்பட்டவர்கள் நம் உடம்புக்குள் இருக்கிறார்கள் என்று வகுப்பில் உற்சாகமாகச் சொல்வேன்.

போன வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "கலந்தாங்கன்னு சொல்றீங்க மேடம். அந்தப் பொண்ணுங்கள யாராவது கேட்டாங்களா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'கலப்பு' என்பது எவ்வளவு சாதுவான சொல்! அதற்குள் காதல் இருந்திருக்கலாம், பசி இருந்திருக்கலாம், ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்துப் பெண்ணை இழுத்துப் போனதும் இருந்திருக்கலாம். மரபணு பிள்ளை பிறந்ததைச் சொல்லும். அவள் சம்மதித்தாளா என்பதைச் சொல்லாது.

மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. இன்று உயிரோடு இருக்கும் எவரிடமும் நியாண்டர்தால் மைட்டோகாண்ட்ரியா இதுவரை கண்டறியப்படவில்லை. அதனால் நியாண்டர்தால் தாய்களே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. ஒருத்திக்கு மகன்கள் மட்டும் பிறந்தாலே அந்த வழி அறுந்துவிடும். அவள் பிள்ளைகள் அவள் கூட்டத்தோடேயே வாழ்ந்து, அதோடு முடிந்தும் போயிருக்கலாம்.

ஒரே ஒரு மகளை நமக்குத் தெரியும். சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஓர் எலும்புத் துண்டு. விவியன் ஸ்லானும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 2018இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, குறைந்தது 13 வயதான பெண். அம்மா நியாண்டர்தால். அப்பா டெனிசோவன் என்ற வேறொரு மனித இனம். அவளுக்கு 'டென்னி' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பெயரில்லை.

நம் பக்கத்தில் எலும்புகூட இல்லை, கல் மட்டும்தான். சென்னைக்கு வடமேற்கே அதிரம்பாக்கத்தில் சாந்தி பப்புவின் குழு பல ஆண்டுகள் அகழ்ந்தது. அங்கே பெரிய கைக்கோடாரிகள் குறைந்து, திட்டமிட்டுப் பெயர்த்த சிறிய கல் சில்லுக் கருவிகள் வந்த மாற்றம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் எழுதினார்கள். செய்தவர் எந்த மனித இனம் என்று சொல்ல எலும்பு இல்லை. ஆனாலும் இப்படிப்பட்ட இடங்களைப் படமாக வரைபவர்கள் கல்லைக் கொத்த ஆணைத்தான் உட்கார வைக்கிறார்கள். இனமே தெரியாத கைக்கு ஆண் என்று மட்டும் எப்படித் தெரிந்தது?

மாணவிக்கு அடுத்த வகுப்பில்தான் பதில் சொன்னேன். "தெரியாது. ஆனா நீ கேட்டது அறிவியலுக்கு வெளியே உள்ள கேள்வி இல்லை. இதுவரை யாரும் கேட்கவிடாத கேள்வி." என் ஆயாவின் பாட்டியைப் பற்றியும் சொன்னேன். அந்தப் பெயரில்லாதவளின் மைட்டோகாண்ட்ரியா அவள் மகளுக்குப் போய், ஆயாவுக்கும் அம்மாவுக்கும் வந்து, இப்போது என்னிடம் இருக்கிறது. படத்தில் இருக்கும் சிப்பாயுடையது அவர் மகளோடு நின்றுவிடாமல், அவரோடேயே நின்றுவிட்டது.

சென்ற மாதம் என் மகள் பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப மரம் வரைந்தாள். சிப்பாயின் பெயரை அழகாக எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் பென்சிலோடு நின்றாள்.

"இவங்க பேரு தெரியலையே. கட்டத்த அழிச்சிடவாம்மா?"

"அழிக்காத. பேரு தெரியலன்னு எழுது."

எழுதினாள். பிறகு தானாகவே ஒரு கோடு இழுத்தாள், அந்தக் கட்டத்திலிருந்து தன் பெயர் வரைக்கும்.