பொம்மைக்கு டை அடிக்கும் மேனேஜர்

ஆறடி மனிதனை ஆறில் ஒரு பங்காகச் சுருக்கினால் பன்னிரண்டு அங்குலம். ஆக்‌ஷன் ஃபிகர் சேகரிப்பவர்கள் ஒன்-சிக்ஸ்த் ஸ்கேல் என்று சொல்வது இதைத்தான். சட்டை, பூட்ஸ், பெல்ட் பக்கிள், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் ஆறால் வகுத்துவிடலாம். ஹாங்காங், சீனக் கம்பெனிகள் அதை அநியாயத்துக்கு அழகாகச் செய்கின்றன. தலைமுடியில்தான் கணக்கு உதைக்கும்.

மனிதத் தலைமுடியின் தடிமன் சுமாராக 0.07 மில்லிமீட்டர். ஆறால் வகுத்தால் 0.012. ஆனால் பொம்மைத் தலையில் நடுகிற நைலான் முடி கிட்டத்தட்ட நம் முடியின் தடிமனிலேயே இருக்கும். அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நம் தலையில் ஒவ்வொரு முடியும் 0.4 மில்லிமீட்டர் இருந்தால் எப்படி இருக்கும்? தூண்டில் நரம்பை நட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். நட்ட முடி வைத்த பொம்மைகள் பலதும் பார்த்தவுடன் 'விக்' என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். முகம் சரி, உடை சரி, தலையில் மட்டும் துடைப்பம்!

அதனாலேயே கம்பெனிகள் ரொம்ப காலம் இந்த வம்புக்கே போகவில்லை. 1959-ல் வந்த பார்பிக்கு சரான் என்ற இழையில் முடி நட்டிருந்தார்கள். 1961-ல் வந்த கென்னுக்கு வெல்வெட் மாதிரி குட்டை இழைகளைத் தூவி ஒட்டினார்கள். தண்ணீர் பட்டால் அது உதிர்ந்துவிட்டது, அடுத்த வருடமே பிளாஸ்டிக் வார்ப்பு முடிக்கு மாறிவிட்டார் மாப்பிள்ளை. 1964-ல் ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த ஜி.ஐ. ஜோவுக்கு வெறும் பெயிண்ட். (பொம்மை என்று சொன்னால் பையன்களுக்கு வாங்கித்தர மாட்டார்கள் என்றுதான் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயரையே கண்டுபிடித்தார்கள். விவரமானவர்கள்.) 1970-ல் இங்கிலாந்தின் பாலிடாய், ஆக்‌ஷன் மேனுக்குத் தூவி ஒட்டிய முடியைக் கொண்டுவர, ஹாஸ்ப்ரோவும் ஜி.ஐ. ஜோவுக்கு அதையே செய்தது, தாடி உட்பட. என் வயசுக்காரர்களுக்கு ஜி.ஐ. ஜோ என்றால் ஃபன்ஸ்கூல் போட்ட மூன்றேமுக்கால் அங்குல ஆட்கள்தான். அவர்களுக்கு முடி வார்ப்பிலேயே வந்துவிடும், வாருகிற வேலை இல்லை.

இப்போது பெரிய விலைப் பொம்மைகளில் நட்ட முடி திரும்ப வந்துவிட்டது. டார்க் நைட் ஜோக்கரையே வார்ப்பு முடி, நட்ட முடி என்று இரண்டு விதமாக விற்றார்கள். நமக்கு அது எட்டாக்கனி. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020 பிப்ரவரியில் 20 சதவீதத்திலிருந்து ஒரே தாவில் 60 ஆனது, 2023-ல் 70. 2021 ஜனவரியிலிருந்து பிஐஎஸ் முத்திரை வேறு கட்டாயம். உள்ளூர்த் தொழிலுக்கு நல்லது என்று பி.காம் படித்த மூளை சொல்கிறது. சேகரிக்கிற மனசு கேட்க மாட்டேன் என்கிறது. ஆக, இருக்கிற பொம்மைக்கு நாமே முடி நட வேண்டியதுதான்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

முதலில் கையில் இருப்பது என்ன இழை என்று தெரிய வேண்டும். சில இழைகள் சாயம் பிடிக்கும், சில என்ன செய்தாலும் பிடிக்காது. இதற்கு ஒரு சுலபமான வழி. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, ஒரு முடியை உள்ளே நன்றாக அமுக்கி விடுங்கள். மேலே மிதந்து வந்தால் பாலிப்ரொப்பிலீன், தண்ணீரைவிட லேசானது. விலை குறைந்த பொம்மைகளில் இதுதான் அதிகம். சாயம் ஒட்டவே ஒட்டாது. மூழ்கினால் நைலானோ, சரானோ, ஜப்பான்காரர்களின் கானெகலானோ இருக்கலாம். நைலான் என்றால் அதிர்ஷ்டம். பட்டுக்கும் கம்பளிக்கும் போடுகிற ஆசிட் சாயத்தை அது அப்படியே இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் வினிகர், கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே சூடு, அரைமணி நேரம், அவ்வளவுதான்.

நாம் தலைக்கு அடிக்கிற டை வேலை செய்யாதா என்று கேட்பவர்களுக்கு: செய்யாது. அது முடியில் இருக்கிற புரதத்தை நம்பி வந்தது, நைலானுக்கு அந்த பாக்கியம் இல்லை. (ஞாயிற்றுக்கிழமை காலை பாத்ரூமில் எனக்கு ஒரு கிண்ணம், அடுப்படியில் பொம்மைக்கு ஒரு கிண்ணம் என்று இரண்டு தனித்தனிக் கலவை ஓடுவதை வீட்டில் நக்கலடிக்கிறார்கள். அடிக்கட்டும்.) இன்னொன்று, கருப்பை வெளுக்க முடியாது. பல செயற்கை முடிகளுக்கு நிறம் இழையாக இழுக்கும்போதே உள்ளே கலந்து வருவது. அதனால் வெள்ளை முடியாக வாங்கி, வேண்டிய அளவுக்கு ஏற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நட்டபின் சாயம் போடுவதைவிட நடுவதற்கு முன் போடுவது நல்லது. வினைல் தலையும் சாயத்தைக் குடிக்கும், நெற்றியெல்லாம் குங்குமம் கொட்டின மாதிரி ஆகிவிடும்.

ஆசிட் சாயத்துக்கு ஜெய்ப்பூரை விட்டால் வேறு நல்ல ஊர் எது? பழைய நகரச் சந்துகளில் ரங்ரேஸ் என்கிற சாயக்காரர்கள் துப்பட்டாவும் தலைப்பாகைத் துணியும் முக்கிக் காயப்போட்டபடி இருப்பார்கள். நான் போவது எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவரிடம். அவர் கண்ணாலேயே நிறம் பார்ப்பவர். ஸ்பூன் நுனியில் ஒரு சிட்டிகை, அதில் பாதி, அதில் கால். கையில் வெள்ளை நைலான் முடிக்கற்றையுடன் போய் நின்றேன். யாருடைய முடி என்று கேட்டார். பொம்மைக்கு என்றேன். சிரிக்கவில்லை. "பொம்மைக்கு என்ன வயசு சாப்?" என்றார் இந்தியில்.

எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. நான் நட்டுக்கொண்டிருப்பது ஒரு சாமுராய் தலை, எஜமான் இல்லாமல் ஊர் ஊராகத் திரிகிற ரகம். குரோசாவாவின் யோஜிம்போவில் மிஃபுனே வருவாரே, அந்த மாதிரி. நடுமண்டையைச் சிரைத்துக்கொள்ள வசதியில்லாமல் வளரவிட்டு, பின்னால் அள்ளிக் கட்டின கொண்டை. "நாற்பது இருக்கும்" என்றேன். பெரியவர் கருப்போடு பழுப்பும் துளி சிவப்பும் சேர்த்தார். கற்றையை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் வேறுவேறு நேரம் முக்கினார். கொஞ்சம் முடியைச் சாயமே போடாமல் திருப்பிக் கொடுத்து, காதோரம் வைக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து மூன்றையும் கலந்து வைத்துப் பார்த்தால், துடைப்பம் காணாமல் போய்விட்டது! தடிமன் மாறவில்லை, ஆனால் ஒரே நிறமாக இல்லாததால் கண் ஏமாந்துவிடுகிறது. கருகருவென்று அடித்துக்கொண்டு ஆபீஸ் வருகிற சக மேனேஜர்களைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது பெரியவர் ஞாபகம் வருகிறது. யாரிடமும் சொல்லவில்லை, எல்லாரும் எனக்கு சீனியர்.

தடிமனுக்கு உண்மையான தீர்வு மோஹேர். அங்கோரா ஆட்டுக்குட்டியின் முடி 0.025 மில்லிமீட்டர் சுமாருக்கு வரும், பொம்மை செய்பவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். அதைவிட மெல்லியது நம் பஷ்மினா, 0.015-ஐ ஒட்டி. லடாக் ஆட்டின் அடிமுடி ஆறால் வகுத்த கணக்குக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்று கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. குளிர்காலத்தில் ஷால் கொண்டு வரும் காஷ்மீரிக்காரரிடம் நூற்காத பஞ்சு ஒரு சிட்டிகை கேட்டு வாங்கினேன். தலைக்கு ஆகாது, நிற்காமல் தொய்ந்துவிடுகிறது. தாடிக்கு அமிர்தம்.

முடி நட்டபின் படிய வைக்க வெந்நீர்தான் ஆயுதம். நைலானுக்கு ஞாபகசக்தி உண்டு. சூட்டில் என்ன வடிவத்தில் இருந்ததோ, அதே வடிவத்தில் குளிர்ந்தால் அதையே பிடித்துக்கொள்ளும். ஸ்ட்ராவில் சுற்றி வெந்நீரில் முக்கி, உடனே பச்சைத் தண்ணீரில் முக்கினால் சுருள். வாரிக் கட்டி முக்கினால் நேர்முடி. கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், முகத்துக்குப் பொடி பூசுகிற வேலை எல்லாம் போய்விடும். தலைகீழாகப் பிடித்து முடியை மட்டும் முக்க வேண்டும். அடங்காத முடிக்கு ஃபெவிகாலைத் தண்ணீரில் நிறையக் கரைத்துத் தடவலாம். ஹேர் ஜெல் காய்ந்தால் பொடுகு மாதிரி உதிர்கிறது. எங்கள் குழாய்த் தண்ணீர் உப்பு, கருப்பு முடியில் வெள்ளை பூத்துவிடும், எனவே கடைசி அலசல் ஆர்.ஓ. தண்ணீரில். ஜனவரியில் இங்கே காற்றில் ஈரமே இருக்காது, சீப்பை வைத்ததும் முடி மொத்தமும் ஷாக் அடித்த மாதிரி எழுந்து நிற்கும். ஈரச் சீப்பு மட்டும்.

இந்த வெந்நீர் விஷயம் வீட்டில் வேறு மாதிரி வந்து நின்றது.

என் மனைவிக்கு ஒரு பொம்மை உண்டு. 1996-ல் அவள் பெரியமனுஷி ஆனபோது, இனி விளையாட்டு போதும் என்று என் மாமியார் அதற்குத் தலைவாரி, ஒற்றைச்சடை பின்னி, முனையில் ரப்பர் பேண்ட் போட்டு, பழைய வாயில் புடவைத் துண்டில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். 2019-ல் அவர் காலமான பிறகு, விருதுநகர் வீட்டைக் காலி பண்ணும்போது கிடைத்தது. ஜெய்ப்பூர் வந்தும் துணியைப் பிரிக்காமலே இருந்தது. போன மழைக்காலத்தில் எடுத்துப் பார்த்தால் ரப்பர் பேண்ட் உருகிப் பிசினாக முடியோடு ஒட்டியிருக்கிறது, சடைக்குள் எல்லாம் அழுக்கு. துணியில் உதிர்ந்து கிடந்த ஒரு முடியை டம்ளரில் போட்டேன். மூழ்கியது.

நைலானாகத்தான் இருக்கும், சுத்தமாகப் புதுசாக்கிவிடலாம், வெளிறின இடத்தில் நிறமும் ஏற்றலாம் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சடையைப் பிரிக்காமல் சுத்தம் பண்ண முடியுமா என்று இரண்டு நாள் கழித்துக் கேட்டாள். முடியாது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. பிசின் உள்ளே இறங்கியிருந்தது, விட்டால் இன்னும் இறங்கும். அந்தப் பின்னலில் கடைசியாகக் கை வைத்தவர் அவள் அம்மா. நான் எதையும் தொடவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவளே எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். "அம்மா இருந்திருந்தா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவுத்து வாரித்தாங்க பின்னியிருப்பாங்க. இப்படி வருஷக்கணக்கா சிக்கோட விட்டுருக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே தேங்காய் எண்ணெய் தொட்டுப் பிசினைத் தேய்த்தாள். எண்ணெயில் ரப்பர் இளகி வந்தது. பிரித்தாள். பச்சைத் தண்ணீரில் சோப்பு போட்டு அலசினாள். நான் கெட்டிலைப் பார்த்ததும், "வெந்நீர் வேணாங்க" என்றாள்.

நியாயம்தான். பிரித்த முடி நேராகத் தொங்கவில்லை. கால் நூற்றாண்டாக மடிந்திருந்த மூன்று கால்களும் அதே இடங்களில் நெளிந்து நின்றன. வெந்நீர் விட்டால் அந்த நெளிவு போய்விடும். காய்ந்ததும் அவள் பின்ன ஆரம்பித்தபோது வகிடு எடுக்கவே வேண்டியிருக்கவில்லை, முடி தானே மூன்றாகப் பிரிந்து ஒவ்வொரு மடிப்பிலும் படிந்தது. சாயம் போடவில்லை. ரப்பர் பேண்டுக்குப் பதில் கருப்பு நூல் கட்டினாள். இனி ஒவ்வொரு தீபாவளிக்கும் பிரித்து வாருவதாகச் சொல்லியிருக்கிறாள். இப்போது அது ஷோகேஸில் என் கலெக்‌ஷனுக்கு நடுவில், சாமுராய்க்குப் பக்கத்தில் நிற்கிறது.

சாமுராய்க்கு வலது பாதி நட்டாயிற்று. ஊசியின் காதை மேல்புறம் வெட்டிக் கவட்டை மாதிரி ஆக்கி, நாலைந்து முடியை அதில் மாட்டி வெளியிலிருந்து உள்ளே குத்த வேண்டும். முன்நெற்றி வரிசையில் ஒரு குத்துக்கு இரண்டு முடிக்கு மேல் கூடாது, அங்கேதான் நேரம் போகிறது. மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. இடது பாதி மார்ச் குளோசிங் முடிந்ததும்தான்.