நான் இட்ட கையெழுத்து

சிங்கப்பூர் ஹில் ஸ்ட்ரீட்டில் செங்கல்லின் செம்மையும் சாந்தின் வெண்மையும் மாறி மாறி வரியிட்ட பழங்கட்டடம் ஒன்று உண்டு. 1909-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மத்தியத் தீயணைப்பு நிலையம் அது. மகள் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, எட்டு வயதுப் பேரனின் பிடிவாதத்தினால் அதனுள் நுழைந்தேன். செவ்வண்டிகள் சிறுவர்க்கு வேடிக்கை. ஓதிக் கொடுப்பவனுக்கு அங்கென்ன வேலை என்னும் எண்ணத்துடனேயே சென்றேன்.

1998-இல் அக்கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் அதன் ஒரு பகுதி காட்சிக்கூடமாகத் திறக்கப்பட்டது. மற்றப் பகுதியிலோ தீயணைப்பு வீரர்கள் தொடர்ந்து பணிபுரிகின்றனர். பழைய வண்டிகளும் தலைக்கவசங்களும் ஒருபுறம். அழைப்பு வந்தால் புறப்பட ஆயத்தமாய்ப் புதிய வண்டிகள் மறுபுறம். உயர்ந்த கோபுரத்தைக் காட்டி, அக்காலத்தில் காவலர் அதன்மீது நின்று நகரில் எங்கேனும் புகை எழுகிறதா என நோக்கினர் என்றும், நனைந்த குழாய்களை அதில் தொங்கவிட்டு உலர்த்தினர் என்றும் மருமகன் விளக்கினார்.

1961 மே 25-ஆம் நாளைப் பற்றியும் சொன்னார். அன்று ஹஜ்ஜுப் பெருநாள். புக்கிட் ஹோ ஸ்வீ குடியிருப்பில் ஓலைக் கூரைகளைப் பற்றிய தீயினால் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவ்விடத்தில் அரசு அடுக்குமாடி வீடுகளை எழுப்பியது. வெந்து போனதை மீட்க வழியில்லை. எஞ்சியதைப் போற்றும் அறிவு அந்நகருக்கு இருந்தது என எண்ணிக்கொண்டேன்.

அரபியில் அருங்காட்சியகத்தை 'மத்ஹஃப்' என்பர். அரிய அன்பளிப்பைக் குறிக்கும் 'துஹ்ஃபா' என்னும் சொல்லின் வேரிலிருந்தே அதுவும் பிறந்தது. முன்னோர் நமக்களித்த அன்பளிப்பு இருக்கும் இடம் என்று நான் பொருள் கொள்வேன். பல்லாண்டுகள் மாணவர்க்குச் சொல்லிக் கொடுத்த இச்சொல்லின் பொருள் அன்றுதான் என் நெஞ்சில் தைத்தது.

அப்போது பேரன் என் கையைப் பற்றி, "நன்னா, நீங்க ஓதின மக்தபும் இப்படிப் பழசா? லீவுக்கு வந்தா காட்டுவீங்களா?" என்றான்.

நான் மறுமொழி கூறவில்லை. மரப்பலகையில் நான் அலிஃப் எழுதிப் பழகிய அந்த ஓட்டுக் கட்டடம் இன்றில்லை. அதனை இடித்து வாடகைக் கடைகள் கட்டுவதென ஊர்ப் பெரியவர்கள் முடிவு செய்தபோது, பழைய மாணவன் என்ற முறையில் என் இசைவையும் கேட்டனர். உள்ளம் ஒப்பவில்லை, ஆயினும் வீண் பகை எதற்கென்று கையெழுத்திட்டேன். பெட்டகத்திலிருந்த அரபுத்தமிழ் ஏடுகளைப் பழைய தாளோடு தாளாக எடைக்குப் போட்டதாகப் பின்னரே அறிந்தேன். அங்கே தீப்பிடிக்கவில்லை, என் மௌனமே போதுமானதாயிற்று.

ஊர் திரும்பியதும், என்னிடம் எஞ்சியிருந்த ஓதும் பலகையைத் துடைத்து வைத்தேன். உடன் பயின்ற இருவரைத் தேடிச் சென்று, மக்தபின் அமைப்பையும் ஆசிரியர்களின் பெயர்களையும் நினைவிலிருந்து எழுதத் தொடங்கினோம். திண்ணை கிழக்கிலா தெற்கிலா என்பதிலேயே எங்களுக்குள் கருத்து வேறுபாடு!

உங்கள் ஊரிலும் அத்தகைய கட்டடம் ஒன்று இருக்கக்கூடும். அதன் தாள் உங்கள் முன் வருமாயின், கையெழுத்திடுமுன் ஒருமுறை உள்ளே சென்று பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். பேரன் அடுத்த விடுமுறைக்கு வருகிறான். அவனிடம் காட்ட என்னிடம் ஒரு பலகைதான் இருக்கிறது.